அந்தரத்தில் நிற்பதன் செலவு

கருப்பு வெள்ளை மீன்கொத்தியைத் தேடிக் காட்டுக்குள் போக வேண்டியதில்லை. தாமிரபரணிப் பாசனக் குளங்களில், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தண்ணீர் தெளியும் தை, மாசி மாதங்களில், கரைமேல் கொஞ்ச நேரம் பொறுமையாக நின்றாலே பெரும்பாலும் கண்ணில் பட்டுவிடும். மைனா அளவுதான் இருக்கும். மற்ற மீன்கொத்திகளைப் போல நீலம் கிடையாது. கொண்டை முதல் வால் வரை கருப்பும் வெள்ளையும்தான். மடைக்கு மேலே பத்து இருபது அடி உயரத்தில் பறந்து வந்து சட்டென்று நின்றுவிடும், கிளை எதுவும் இல்லாத வெறும் காற்றில். உடலைக் கிட்டத்தட்ட நட்டக்குத்தாக நிமிர்த்தி, வாலை விரித்து, அலகை நேர்கீழே குத்திட்டுச் சிறகுகளை வேகவேகமாக அடிக்கும். பல விநாடிகள் அப்படியே நிற்கும். பிறகு கல்லைப் போட்டது போல விழும், அல்லது கொஞ்சம் நகர்ந்து மறுபடியும் நிற்கும்.

நம் ஊரில் அடிக்கடி பார்க்கும் மற்ற இரண்டு மீன்கொத்திகளும் இப்படி வேட்டையாடுவதில்லை. வெண்தொண்டை மீன்கொத்தி மின்கம்பியில் உட்கார்ந்து காத்திருக்கும். தண்ணீரே இல்லாத வயலிலும் வெட்டுக்கிளி, ஓணான், நண்டு என்று பிழைத்துக்கொள்ளும். சிறிய நீல மீன்கொத்தி வாய்க்கால் ஓரத்து நாணலில் அமர்ந்து நேராகத் தண்ணீருக்குள் பாயும். எப்போதாவது ஓரிரு நொடி அந்தரத்தில் நின்றாலும் அதன் பிழைப்பு அதை நம்பி இல்லை. கருப்பு வெள்ளை மீன்கொத்திக்கோ அதுவே பிழைப்பு. கிளையில் இருந்தும் அது மீன் பிடிக்கும் என்றாலும், ஆகாயத்தில் நின்று பிடிப்பதில் அதற்கு இணையான மீன்கொத்தி இல்லை.

இந்தப் பறவையைப் புரிந்துகொள்ள ஒரு கேள்வியில் இருந்து தொடங்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இப்படி நிற்பதற்கு அதற்கு என்ன செலவாகிறது? அதன் வேட்டையும் பார்வையும் மட்டுமல்ல, தன் கூட்டுக்கு அருகில் யாரைச் சேர்ப்பது, யாரை விரட்டுவது என்கிற குடும்ப விவகாரம்கூட இந்தச் செலவோடு பிணைந்திருக்கிறது.

முன்னோக்கிப் பறக்கும் பறவைக்கு எதிரே வரும் காற்றே பாதித் துணை. சிறகின் மேலும் கீழும் காற்று ஓடும்போது உடலைத் தூக்கும் விசை கிடைக்கிறது. ஓரிடத்தில் நின்றுவிட்டால் அந்த ஓட்டம் இல்லை. சிறகு தானே காற்றைக் கீழே தள்ளித் தள்ளி, உடல் எடை முழுவதையும் தாங்க வேண்டும். பறத்தலில் ஆற்றலை மிக அதிகமாகத் தின்னும் முறைகளில் இது ஒன்று. உருவம் பெரிதாகப் பெரிதாக நிலைமை இன்னும் மோசமாகும். ஒரு பறவையின் நீளம் இரண்டு மடங்கானால் சிறகின் பரப்பு நான்கு மடங்காகும், எடையோ எட்டு மடங்காகும். அதனால்தான் காற்றே இல்லாத இடத்தில் நீண்ட நேரம் நிற்கும் வித்தை, 2 முதல் 20 கிராம் எடையுள்ள, அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழும் ரீங்காரச் சிட்டுகளுக்கு உரியது என்று வெகுகாலம் கருதப்பட்டது. அவற்றின் தோள்மூட்டே வேறு. சிறகைத் தலைகீழாகத் திருப்பி, மேலே தூக்கும்போதும் விசையைப் பெறுகின்றன.

கருப்பு வெள்ளை மீன்கொத்திக்கு அந்தத் தோள்மூட்டு கிடையாது. எடையும் பல மடங்கு அதிகம், பெரும்பாலும் 70 முதல் 100 கிராம் வரை. ஆனாலும் நிற்கிறது. காற்றின் துணையில்லாமல் அந்தரத்தில் நிற்கக்கூடிய பறவைகளில் மிகப் பெரியது இதுதான் என்று பறவை நூல்கள் குறிப்பிடுகின்றன. நம் வயல்வெளிகளில் இதே போல நிற்கும் கருந்தோள் பருந்து பெரும்பாலும் எதிர்காற்றைத் துணைக்கு வைத்துக்கொள்கிறது. மீன்கொத்தியும் காற்று கிடைக்கும்போது அதை வீணாக்குவதில்லை. குளத்துமேல் இரண்டு மூன்று பறவைகள் ஒரே நேரத்தில் நின்றால் கவனித்துப் பாருங்கள். எல்லாமே காற்றை எதிர்த்து ஒரே திசையில் முகம் காட்டி நிற்கும். எதிர்காற்று எவ்வளவோ அவ்வளவுக்குச் செலவு மிச்சம்.

இவ்வளவு செலவழித்து அது எதை வாங்குகிறது? முதலில், இடத்தை. கிளையை நம்பிய மீன்கொத்திக்குக் கரையோரம் மட்டும்தான் சொந்தம். மரமோ முளைக்குச்சியோ இல்லாத நடுக்குளத்து மீன் அதற்கு எட்டாது. இந்தப் பறவைக்குக் குளம் முழுவதுமே வேட்டைக்களம். சின்ன மீன் என்றால் கரைக்குத் திரும்பாமல் பறந்துகொண்டே விழுங்கிவிடும். ஆப்பிரிக்காவின் பெருங்கடல் போன்ற ஏரிகளிலும் கழிமுகங்களிலும் இது செழித்திருப்பதற்கு இந்தத் திறமை ஒரு முக்கியக் காரணம். சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே தொடங்கி எகிப்து, துருக்கி, இராக், இந்தியா வழியாகத் தெற்குச் சீனம் வரை பரவியிருக்கும் இனம் இது.

இரண்டாவதாக அது வாங்குவது கோணத்தை. இதை நான் முதலாவதைவிடப் பெரிதாக மதிக்கிறேன். கரையில் நின்று சாய்வாகக் குளத்தைப் பார்த்தால் நமக்குத் தெரிவது மேகமும் எதிர்க்கரைப் பனைமரமும்தான், மீன் அல்ல. சாய்வான பார்வையில் தண்ணீர்ப் பரப்பு கண்ணாடியாகி வானத்தைத் திருப்பிக் காட்டுகிறது. நேர்மேலே இருந்து பார்க்கும்போது பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி சுமார் 2 சதவீதம்தான், மிச்சமெல்லாம் உள்ளே போய் வரும். பறவை ஆகாயத்தில் நிற்பது இந்த நேர்ப்பார்வைக்காக. காற்றடித்துத் தண்ணீர் சிற்றலையாக நெளியும் நாட்களில் கிளையில் இருந்து மீனைக் காண்பது இன்னும் சிரமம், அதே காற்று அந்தரத்தில் நிற்பதையோ சுலபமாக்குகிறது. அதனால் காற்றுள்ள நாட்களில் அது அதிகமாக அந்தரத்தில் நின்று வேட்டையாடுவதைக் காணலாம். அமைதியான காலைகளில் கிளையைத் தேடும்.

தொலைநோக்கி கையில் இருந்தால், பறவை அந்தரத்தில் நிற்கும்போது சிறகைப் பார்க்காதீர்கள், தலையைப் பாருங்கள். உடல் குலுங்குகிறது, வால் திறந்து மூடுகிறது, சிறகு கண்ணுக்குப் பிடிபடாமல் ஆடுகிறது. தலை மட்டும் அசையாமல் இருக்கிறது. இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காடி காட்ஸிரும் அவருடைய குழுவினரும் இந்தப் பறவை அந்தரத்தில் நிற்பதைப் படம் பிடித்து ஆராய்ந்தபோது, காற்றில்லாமலும் அதனால் நிற்க முடிகிறது என்பதோடு, தலை எவ்வளவு நிலையாக இருக்கிறது என்பதையும் காட்டினார்கள். காரணம் பறவைக் கண்ணின் அமைப்பில் இருக்கிறது. நம் விழி குழிக்குள் சுழலும். மீன்கொத்தியின் விழி அவ்வளவாக அசையாது, பார்வையைத் திருப்ப வேண்டுமானால் தலையையே திருப்ப வேண்டும். தலை ஆடினால் விழித்திரையில் விழும் பிம்பம் இழுபட்டு மங்கிவிடும். உள்காதில் உள்ள சமநிலை உறுப்பு உடலின் ஒவ்வொரு அசைவையும் உணர்ந்து கழுத்துத் தசைகளுக்குச் சொல்ல, கழுத்து அதே அளவுக்கு எதிர்த்திசையில் வளைந்து ஈடுகட்டுகிறது. நமக்குக் கழுத்தெலும்பு ஏழு. பறவைகளுக்கு அதைவிட மிக அதிகம், அதனால் கழுத்து எப்படியும் வளையும்.

நிலையான தலை கிடைத்த பிறகும் தண்ணீர் ஒரு பொய் சொல்கிறது. தண்ணீருக்குள் இருந்து வெளியே வரும் ஒளி பரப்பில் வளைந்து வருவதால் மீன் இருக்கும் இடம் வேறு, தெரியும் இடம் வேறு. சாய்வாகப் பார்த்தால் பக்கவாட்டிலேயே இடம் மாறித் தெரியும். நேர்மேலே இருந்து பார்த்தால் அந்தப் பிசகு மறைந்து, ஆழத்தில் மட்டும் பிசகு மிஞ்சும். 40 சென்டிமீட்டர் ஆழத்தில் உள்ள கெண்டை, 30 சென்டிமீட்டரில் இருப்பது போலத் தெரியும். ஆக, நேர்க்கோணத்தில் நிற்கும் பறவைக்குத் திருத்த வேண்டியது ஒரே ஒரு அளவுதான். மீன்கொத்திகளின் ஒவ்வொரு கண்ணிலும் கூர்ந்து பார்க்கும் குழி இரண்டு இருக்கிறது. நம் கண்ணில் அது ஒன்றுதான். ஒரு குழி பக்கவாட்டைப் பார்க்க, இன்னொன்று இரு கண்களும் சேர்ந்து முன்னால் குவிந்து தூரத்தை அளக்க. விழும் வழியில் பறவை சில சமயம் பாதியில் சிறகை விரித்து நின்று, மறுபடி குறிபார்த்து, பிறகு விழுவதைப் பார்க்கலாம். தண்ணீரைத் தொடும் நேரத்தில் கண்ணின் மூன்றாம் இமை மூடிக்கொள்கிறது.

பாய்ச்சல் பலவும் வெறும் அலகோடுதான் முடியும். பிடித்துவிட்டால், சற்றுப் பெரிய மீனைக் கிளைக்குக் கொண்டுபோய் மாறி மாறி அடிக்கும். முள் மடங்கி மீன் துவளும் வரை அடி நிற்காது. அடுத்து நடப்பதுதான் பார்ப்பவருக்கு ஒரு சாவி. தானே தின்பதாக இருந்தால் மீனின் தலை பறவையின் தொண்டைப் பக்கம் திரும்பியிருக்கும். தலைமுதலாக விழுங்கினால்தான் செதிலும் முள்ளும் தொண்டையில் கிழிக்காது. மீனின் தலை வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் அது வேறொரு வாய்க்குப் போகிற மீன். துணைக்கோ குஞ்சுக்கோ அப்படியே தலைமுதலாக ஊட்ட வசதியாகத் திருப்பிப் பிடித்திருக்கிறது. அந்தப் பறவையைக் கண்ணால் பின்தொடர்ந்தால் கூடு இருக்கும் இடம் தெரிந்துவிடும்.

கூடு என்பது கரையில் குடைந்த வளை. செடி கொடி மூடாத, நட்டக்குத்தான மண்கரைதான் வேண்டும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அலகால் குத்திப் பெயர்த்து, காலால் மண்ணைப் பின்னுக்குத் தள்ளி, நான்கைந்து அடி நீளத்துக்குக் குடைகின்றன. வேலை முடிய வாரக்கணக்கில் ஆகும். கடைசியில் ஒரு சிறு அறை. மெத்தை எதுவும் கிடையாது. நாள் போகப் போக மீன்முள்ளும் செதிலுமே தரையில் சேரும். மூன்று முதல் ஆறு முட்டைகள். இருட்டில் இருப்பதால் நிறம் பூசி மறைக்கத் தேவையில்லை, பளிச்சென்ற வெள்ளை. இந்தியாவில் பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இனப்பெருக்கம். தண்ணீர் இறங்கி, கரை வெளிப்பட்டு, மீன்கள் குறுகிய பரப்பில் நெருங்கும் காலம் அது.

வளைக்கு எதிரே, பறவை பதறாத தூரத்தில், முதுகில் வெயில் படும்படி உட்காருங்கள். இந்த இனத்தில் ஆண், பெண் பிரித்தறிவது சுலபம். ஆணின் மார்பில் இரண்டு கரும்பட்டைகள். பெண்ணுக்கு ஒன்றே ஒன்று, அதுவும் நடுவில் அறுந்தது. இந்தச் சின்ன வித்தியாசத்தால்தான் பறவையியலின் மிக அழகான ஆய்வுகளில் ஒன்று சாத்தியமானது. ஒரே வளைக்கு இரண்டு பட்டை கொண்ட பறவைகள் ஒன்றுக்கு மேல் மீன் கொண்டு வந்தால், அவற்றில் ஒன்றுதான் தகப்பன். மற்றவை யார்?

கென்யாவில் விக்டோரியா ஏரி, நைவாஷா ஏரி இரண்டிலும் 1970களின் பிற்பகுதியில் இருந்து ஹைன்ஸ் உல்ரிஷ் ரேயர் என்ற ஆய்வாளர் இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்தார். உதவிக்கு வரும் ஆண்கள் இரண்டு வகை என்று அவர் கண்டார். ஒரு வகை, முந்தைய ஈட்டில் பிறந்த சொந்த மகன்கள். பெற்றோருக்குச் சமமாக உழைத்து, தம்பி தங்கைகளுக்கு ஊட்டுகிறார்கள், வளையைக் காவல் காக்கிறார்கள். இன்னொரு வகை, உறவே இல்லாத அந்நிய ஆண்கள். மீன் கொண்டுவந்து நீட்டுகிறார்கள், ஆனால் மகன்களைவிட மிகக் குறைவாக. ஆண்கள் ஏன் இப்படி உபரியாக இருக்கிறார்கள் என்றால், வளைக்குள் இருக்கும்போது பாம்புக்கும் மற்ற எதிரிகளுக்கும் பெண் பறவைகள் அதிகமாகப் பலியாகின்றன. துணை கிடைக்காத ஆண்கள் மிஞ்சுகிறார்கள்.

மகன்களின் உழைப்பை உறவு விளக்கிவிடும். உடன்பிறப்பிடம் தன் மரபணுவில் பாதி இருக்கிறது, அதை வளர்ப்பதும் தன் வம்சத்தை வளர்ப்பதுதான் என்று உயிரியலாளர் டபிள்யூ. டி. ஹாமில்டன் 1964இல் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். அந்நியன் ஏன் உழைக்கிறான்? ரேயரின் எண்களில் பதில் இருக்கிறது. உதவிய மகன்களில் 54 சதவீதம் பேரே அடுத்த ஆண்டு வரை உயிரோடு இருந்தார்கள், அந்நிய உதவியாளர்களில் 74 சதவீதம் பேர் இருந்தார்கள். முழுமூச்சாக உழைத்தவன் உடலால் அதற்கு விலை கொடுத்தான். உயிரோடிருந்த அந்நிய உதவியாளர்களில் 91 சதவீதம் பேருக்கு அடுத்த ஆண்டு துணை கிடைத்தது. யாருக்கும் உதவாமல் ஒதுங்கியிருந்த ஆண்களில் 33 சதவீதம் பேருக்குத்தான் கிடைத்தது. அந்நியனுக்கு வாய்க்கும் துணை பல சமயம் அவன் உதவிய அதே கூட்டுப் பெண்.

அப்படியானால் வீட்டுக்காரனுக்கு இவன் வருங்காலப் போட்டியாளன். அவனை ஏன் விடவேண்டும்? நைவாஷாவில் விடவில்லை. அந்நியன் வந்தால் விரட்டினார்கள். விக்டோரியாவிலும் முட்டைக்காலத்தில் விரட்டத்தான் செய்தார்கள். குஞ்சு பொரித்துச் சில நாட்களில் விரட்டல் நின்றது, அந்நியனின் மீன் ஏற்கப்பட்டது. ஒரே இனம், இரண்டு ஏரி, இரண்டு விதமான நடத்தை. வித்தியாசம் மீன்பிடிப்பில் இருந்தது. விக்டோரியா பரந்து அலையடிக்கும் ஏரி. மீன் சிறியது, வளையில் இருந்து வேட்டைக்குப் போகும் தூரமும் அதிகம். அதாவது ஒவ்வொரு குஞ்சுக்கும் அதிக நேரம் அந்தரத்தில் நின்றாக வேண்டும்.

இது வெறும் ஊகமாக நின்றுவிடவில்லை. ரேயரும் கிளாஸ் வெஸ்டர்டெர்ப்பும் 1985இல் வெளியிட்ட ஆய்வில் பறவைகளின் அன்றாட ஆற்றல் செலவையே அளந்தார்கள். ஹைட்ரஜன், ஆக்சிஜன் இரண்டின் கனமான ஐசோடோப்புகள் கலந்த தண்ணீரைப் பறவையின் உடலில் செலுத்திப் பறக்க விட்டுவிட வேண்டும். ஹைட்ரஜன் தண்ணீராக மட்டுமே உடலை விட்டு வெளியேறும். ஆக்சிஜன் தண்ணீராகவும், மூச்சில் கரியமில வாயுவாகவும் வெளியேறும். பிறகு பறவையைப் பிடித்து ரத்தத்தில் இரண்டும் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தால், அந்த இடைவெளியே வெளிவிட்ட கரியமில வாயுவின் அளவு. அதில் இருந்து எரித்த ஆற்றல் தெரிந்துவிடும். அடுத்ததாகக் கூடுகளில் குஞ்சுகளின் எண்ணிக்கையை மாற்றினார்கள். நைவாஷாவில் குஞ்சுகளைக் கூட்டியபோது, அதுவரை அந்நியனை விரட்டிய பெற்றோர் ஏற்றுக்கொண்டார்கள். விக்டோரியாவில் குறைத்தபோது, ஏற்றிருக்க வேண்டிய பெற்றோர் விரட்டினார்கள். பெற்றோரின் உடல் தன் எல்லையைத் தொடும்போது கதவு திறக்கிறது, சுமை இறங்கினால் மூடுகிறது. ஒரு பறவைக் குடும்பத்தின் உறுப்பினர் எண்ணிக்கையை அந்த ஏரியில் ஒரு மீனைப் பிடிக்க ஆகும் உழைப்பு தீர்மானிக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய ஆய்வு வேறொன்று எனக்குத் தெரியாது.

விக்டோரியா ஏரியில் 1950களில் மனிதர்கள் நைல் பெர்ச் என்ற பெரிய வேட்டை மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். 1980களில் அது பெருகி, அந்த ஏரிக்கே உரிய சிறு சிக்லிட் மீன் இனங்கள் ஏராளமாக அழிந்தன. மீன்கொத்தி அவற்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு அது டகா என்று அங்கே அழைக்கப்படும், இன்னும் சிறிய வெள்ளி மீனுக்கு மாறியது. மாறிப் பிழைத்தது உண்மை. ஆனால் மீன் சிறிதாகும்போது அதே வயிற்றை நிரப்ப எத்தனை முறை கூடுதலாக நிற்க வேண்டும், விழ வேண்டும் என்பதை மேலே சொன்னவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நம் குளங்களுக்கு வருவோம். இந்தப் பறவைக்கு வேண்டியவை இரண்டே இரண்டு, மேலே இருந்து உள்ளே பார்க்க முடிகிற தண்ணீரும் குடையக்கூடிய மண்கரையும். ஆகாயத்தாமரை மூடிய குளத்தில் கீழே எவ்வளவு மீன் இருந்தாலும் அதற்கு ஒன்றும் தெரியாது. கொக்கும் நாரையும் ஓரமாக நின்று சமாளிக்கும், இதற்கு வழியில்லை. கரை விஷயம் இன்னும் கவலை தருகிறது. ஆற்றில் மணல் அள்ளிக் கரை சரியும்போது வளைகளும் சேர்ந்து சரிகின்றன. குளத்தில் நல்ல எண்ணத்தோடு செய்யும் சீரமைப்பிலும் கரை முழுக்கக் கல் பதித்து, சிமென்ட் பூசி, நடைபாதை போட்டுவிடுகிறோம். தண்ணீர் நிற்கிறது, மீன் பெருகுகிறது, மீன்கொத்தி வந்து மீனும் பிடிக்கிறது. அதனால் எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும். முட்டையிட இடம் இல்லை என்பது நடைபயிற்சி போகிறவர் கண்ணுக்குத் தெரியாது. கலுங்குக்கும் மடைக்கும் அருகில் கல் பதிப்பது அவசியம், அதை நான் மறுக்கவில்லை. உள்ளே வந்து சேரும் ஓடையின் ஓரத்திலோ, கரை உடையும் ஆபத்தில்லாத மேட்டிலோ, ஒரு துண்டு மண்சுவரை அப்படியே விட்டுவைக்கப் பணமே தேவையில்லை. ஐரோப்பாவில் அங்குள்ள மீன்கொத்திகளுக்கும் கரைத் தகைவிலான்களுக்கும் செயற்கையாகவே மண்சுவர் எழுப்பித் தருகிறார்கள். நம்மிடம் அது ஏற்கெனவே இருக்கிறது.

தூர்வாரும் இயந்திரம் கோடை தொடக்கத்தில் இறங்குகிறது, வளைக்குள் முட்டையும் குஞ்சும் இருப்பதும் அதே நாட்களில்தான். இயந்திரம் இறங்குவதற்கு முன் ஊரில் ஒருவர் ஒரு காலைநேரம் கரைக்கு எதிரே உட்கார்ந்து, தலை வெளியே நீட்டிய மீனோடு பறவை எந்த வளைக்குள் நுழைகிறது என்று பார்த்து, அந்த இடத்துக்கு மேலே ஒரு கம்பை நட்டுவிடலாம். அடைகாப்பு ஏறக்குறைய 18 நாள், குஞ்சு வெளியேற மேலும் சுமார் 25 நாள். வளைக்குள் மீன் போகத் தொடங்கிவிட்டது என்றால் பெரும்பாலும் குஞ்சு பொரித்துவிட்டது. அந்தப் பத்தடிக் கரையை மட்டும் இன்னும் நான்கு வாரம் தள்ளிப்போட்டால் போதும்.